ஒன்றாக்க வந்தவர்கள்



1804-இல் அமெரிக்காவின் கென்டக்கியில் பார்ட்டன் ஸ்டோனும் உடன் ஊழியர்களும் தங்கள் பிரஸ்பிட்டரிக்கே மரணசாசனம் எழுதி, அதைக் கலைத்தார்கள். கிறிஸ்துவின் ஒரே சரீரத்தில் இணைவதே அவர்கள் வாஞ்சை. 1809-இல் பென்சில்வேனியாவில் தாமஸ் கேம்ப்பெல், சபை ஒன்றே என்று அறிக்கை வெளியிட்டார். 1832-இல் லெக்சிங்டனில் இவ்விரு கூட்டத்தாரும் கைகோர்த்தனர்.

ஆயினும் ஆராதனையில் இசைக்கருவி தகுமா, மிஷனரி சங்கங்கள் வேதத்திற்கு ஏற்றவையா என்ற வழக்குகள் வளர்ந்தன. 1906-ஆம் ஆண்டின் அரசாங்கக் கணக்கெடுப்பு அவர்களை இரு பிரிவினராகவே பதிவு செய்தது.

பிரிவினையை ஒழிக்கப் புறப்பட்டவர்களையே பிரிவினை மேற்கொண்டதானால், நாம் எம்மாத்திரம்! பிழைப்புக்காக வந்த இந்நகரத்தில், அடுத்த வீட்டு விசுவாசி வேறு சபைக்குச் செல்கிறார் என்பதற்காக அவரோடு ஜெபிக்க மறுக்கிறீர்களோ? யோவான் 17-இல் நம் ஆண்டவர் ஏறெடுத்த ஜெபம் அவருக்காகவும்தானே! இந்த வாரமே அவர் வீட்டுக் கதவைத் தட்டுங்கள்.