தூணும் வாசலும்

'தாக்கம்' என்ற சொல்லை நாம் மிக எளிதாகச் சொல்லிவிடுகிறோம். ஒரு கவிதையில் அயல்நாட்டுப் படிமம் தென்பட்டால் போதும், அக்கவிஞர் இன்னாரின் நிழல் என்று முடித்துவிடுவோம். கட்டடக்கலை ஆய்விலும் இந்த அவசரம் உண்டு. நபாத்தியச் செல்வர்களின் இல்லங்கள் அதற்கு நல்ல சான்று.

இன்றைய ஜோர்டானில் உள்ள பெட்ரா இவர்களின் தலைநகர். கி.மு. 312-ஆம் ஆண்டு நிகழ்ச்சிகளைச் சொல்லுமிடத்தில், வீடு கட்டுவதையே இவர்கள் விலக்கியிருந்ததாக டியோடோரஸ் எழுதுகிறார். அந்நிகழ்ச்சிகளுக்கு ஏறத்தாழ மூன்று நூற்றாண்டுகளுக்குப் பின் எழுதிய ஸ்ட்ராபோவோ, இவர்களின் கல்வீடுகள் விலைமிக்கவை என்கிறார்.

பெட்ராவின் அஸ்-ஸன்தூர் குன்றில் பேசல் பல்கலைக்கழகத்தார் அகழ்ந்த மாளிகையின் சுவரோவியங்கள் பாம்பேயை நினைவூட்டுகின்றன. உடனே 'ரோமானிய நகல்' என்று தீர்ப்பளிக்கத் தோன்றும். ஆனால் ரோம் இந்நாட்டைத் தன் மாகாணமாக்கியது கி.பி. 106-இல்தான். மாளிகை அதற்கு முந்தையது. ஆக, அந்த அழகு திணிக்கப்பட்டதன்று, விரும்பி ஏற்கப்பட்டது.

எதை ஏற்றார்கள், எதை ஏற்கவில்லை? இங்கேதான் வெளிசார் பகுப்பாய்வு உதவுகிறது. ஹில்லியரும் ஹான்சனும் 1984-இல் வெளியிட்ட நூலில் விரித்துரைத்த முறை இது. அறை ஒவ்வொன்றும் ஒரு புள்ளி. வாசல் ஒவ்வொன்றும் ஒரு கோடு. தெருவிலிருந்து ஓர் அறையை அடைய எத்தனை வாசல்களைக் கடக்க வேண்டும் என்று எண்ணுகிறோம். பாம்பேயின் பெரிய வீடுகள் பலவற்றில், தெருவாசலில் நிற்பவரின் பார்வை முன்கூடம் கடந்து உள்தோட்டம் வரை நேராகச் செல்லும். நபாத்திய வீட்டிலும் அந்த நேர்க்கோடு உண்டா? முற்றம் வந்தவரைத் திசைதிருப்புகிறதா? தாக்கத்தைத் தேட வேண்டிய இடம் இதுவே.

இம்முறைக்கும் எல்லை உண்டு. நடுமுற்றம் வெயிலுக்குப் பல நாட்டாரும் கண்ட விடை. வரைபட ஒற்றுமை மட்டுமே உறவுக்குச் சான்றாகாது. கல்வாசல் எஞ்சும், திரைச்சீலை எஞ்சாது. காலமும் வணிகவழியும் சேர்ந்து சாட்சி சொல்ல வேண்டும்.

ஆயினும், அலங்காரத்தை விலைக்கு வாங்கலாம். விருந்தினரை எதுவரை உள்ளே விடுவது என்பதை வீட்டாரே முடிவுசெய்கிறார்கள். நபாத்திய விருந்தில் சில வேளைகளில் அரசனே பரிமாறுவான் என்கிறார் ஸ்ட்ராபோ. அத்தகையோரின் விருந்துக்கூடம் எத்தனையாவது வாசலுக்குள் இருந்தது என்பது, தூண் எந்நாட்டது என்பதைவிடப் பெரிய கேள்வி என்றே நாம் கருதுகிறோம். கவிதையிலும் தூண்களை எண்ணியது போதும்; இனி வாசல்களை எண்ணிப் பார்ப்போம்.