மரக்கிண்ணமும் செவியின்பமும்

செவியால் எய்துஞ் செல்வத்தைச் செல்வங்கள் அனைத்தினும் தலையாயதாகக் கொண்டனர் நம் முன்னோர். அச்செல்வம் ஆசிரியர் வாய்மொழியால் மட்டுமன்றி, இக்காலத்து ஹெட்போன் என்னும் சிறு கருவியாலும் மாணவர்க்கு வந்து சேர்கின்றது. விடுதி அறையிலும், ஊர் செல்லும் பேருந்திலும், நூல்நிலையத்துத் தாழ்வாரத்திலும் அதனைத் தலையிற் பூட்டியிராத மாணவரைக் காண்டல் அரிது. இத்தகைய எளிய பொருளைப் பற்றிக் கல்லூரி மலரில் எழுதுதல் தகுமோ என ஐயுறுவாரும் உளராகலாம். நாள்தோறுங் கையாளும் பொருளின் உள்ளியல்பை வினவாதவன், ஆய்வுக்கூடத்திலே என்றேனும் ஒருநாட் காணும் பொருளை வினவப்போகின்றானோ என்பதே அவர்க்கு யாம் கூறும் விடை.

விலை குறைந்த ஹெட்போனின் பிளாஸ்டிக் கிண்ணங்களை நீக்கி, மரத்தாற் கடைந்த கிண்ணங்களை அவ்விடத்தே பொருத்திக்கொள்ளும் வழக்கம் இன்று பல நாட்டு ஆர்வலரிடையே காணப்படுகின்றது. இவ்வழக்கத்தைக் குறித்து இரு கட்சியார் வழக்கிடுகின்றனர். மரம் சேர்ந்தவுடன் ஆயிரம் ரூபாய்க் கருவி ஐம்பதினாயிரம் ரூபாய்க் கருவிக்கு நிகராய் ஒலிக்கும் என்பார் ஒரு சாரார். இஃது அழகுக்குச் செய்யும் வீண் வேலை, பழுதுற்றதை எறிந்துவிட்டுப் புதியது வாங்குதலே அறிவுடைமை என்பார் மற்றொரு சாரார். இவ்விரு கட்சியும் பிழையுடையன என்பதும், இவ்வேலை நம் மாணவர் செய்தற்கு உரியதே என்பதும் என் கருத்து. இக்கருத்து நூல் படித்து உண்டாயதன்று. பென்னாகரத்துக் கடைசற் பட்டறை ஒன்றிலே, யான் செய்த பிழைகளின் வாயிலாக உண்டாயது.

முதற்கண் இக்கருவியின் வரலாற்றைச் சுருங்கக் கூறுவேன். 1910-ஆம் ஆண்டில் நதானியேல் பால்ட்வின் என்னும் அமெரிக்கர் தாம் இயற்றிய ஹெட்போன்களைத் தம் நாட்டுக் கடற்படைக்கு விற்றனர். 1958-இல் ஜான் காஸ் என்பார் இருசெவிக்கும் வெவ்வேறாய் இசை வழங்கும் ஸ்டீரியோ ஹெட்போனை வெளியிட்டனர். 1989-இல் ஜப்பானியச் சோனி நிறுவனத்தார் செல்கோவா என்னும் மரத்தைக் குடைந்து கிண்ணமாக்கி மிக்க விலையுள்ள ஒரு கருவியை உண்டாக்கினர். நியூயார்க்கைச் சார்ந்த புரூக்ளினில் 1953-இல் தொடங்கிய கிராடோ நிறுவனத்தார், பிற்காலத்தே எளிய விலைக்குப் பிளாஸ்டிக் கிண்ணமுடைய கருவியையும், மிகுந்த விலைக்கு மகாகனி மரக்கிண்ணமுடைய கருவியையும் ஒருங்கே விற்கலாயினர். எளியதை வாங்கியோர், மரமே இவ்விரண்டிற்கும் உள்ள வேற்றுமை எனக் கருதி, தாமே மரங் கடைந்து பொருத்தத் தலைப்பட்டனர். இவ்வழக்கம் பெரிதும் வேரூன்றியது இவ்வாறே.

இனி என் கதைக்கு வருவேன். சென்ற கோடை விடுமுறையில் யான் பயன்படுத்திய ஹெட்போனின் ஒரு கிண்ணம் கீழே விழுந்து வெடித்தது. வாங்கிய கடையிலே காட்டினேன். "இதற்கெல்லாம் உதிரிப் பாகம் வாராது, எறிந்துவிட்டு வேறு வாங்கிக்கொள்" என்றனர். ஒலி எழுப்பும் பகுதி சற்றும் பழுதின்றி இருக்க, அதனைத் தாங்கும் ஓடு உடைந்தமைக்காக முழுவதையும் எறிதற்கு என் மனம் இசையவில்லை. ஆதலின் எம்மூரில் கட்டிற்காலும், பூரிக்கட்டையும், சிறுவர்க்குப் பம்பரமுங் கடைந்து கொடுக்கும் முதியவர் ஒருவரிடஞ் சென்று, உடைந்த கிண்ணத்தைக் காட்டி, இதைப்போல் இரண்டு கடைந்து தரல் வேண்டும் என்றேன்.

அவர் அதனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பின்னர், "தம்பி, இந்த மரம் சத்தம் போடணுமா, சும்மா இருக்கணுமா?" என்று வினவினார்.

இயற்பியல் பயிலும் யான் அவ்வினாவிற்கு உடனே விடை கூற இயலாது நின்றேன். நண்பர்காள், இப்பொருளின் சாரம் முழுவதும் அவ்வொரு வினாவில் அடங்கியிருக்கின்றது. தஞ்சாவூர் வீணையை எடுத்துக்கொள்வோம். அது பலாமரத்தாற் செய்யப்படுவது; 2013-இல் புவிசார் குறியீடும் பெற்றது. அதன் தந்தி தானே எழுப்பும் ஒலி மிகச் சிறிது. தந்தியின் அதிர்வு குதிரையின் வழியாகக் குடத்தின் மேற்பலகைக்குச் சென்று, பலகை அதிர்ந்து, அப்பலகை காற்றை அசைத்தலாலேயே நாம் நாதத்தைக் கேட்கின்றோம். ஆங்கு மரம் பாடுகின்றது. ஆகலின் எம்மரம், எவ்வளவு முதிர்ந்தது, எத்துணைக் கனம் என்பன யாவும் நாதத்தை ஆளுகின்றன.

ஹெட்போனில் நிகழ்வது வேறு. காந்தப் புலத்தின் இடையே ஒரு கம்பிச்சுருளும், அதனோடு ஒட்டிய மெல்லிய சவ்வும் உள்ளன. மின்னோட்டத்திற்கேற்பச் சுருள் அசைய, சவ்வு நேரே காற்றை அசைக்கின்றது. சவ்வின் முன்புறத்து ஒலி செவியை நோக்கிச் செல்லும். பின்புறத்து ஒலி கிண்ணத்தினுட் செல்லும். கிண்ணத்தின் கடமை அப்பின்னொலியை அடக்குவதாம், அன்றித் துளைகளின் வழியே போக்குவதாம். கிண்ணமுந் தானே அதிர்ந்து பாடத் தொடங்கின், மூல இசையில் இல்லாத ஓர் ஒலி அதனோடு கலக்கும். அது கலப்படமேயன்றி இனிமையன்று. ஆதலின், "சும்மா இருக்க வேண்டும், பெரியவரே" என்பதே யான் இறுதியிற் கூறிய விடை. "அப்படியானால் கனமாக, காய்ந்த கட்டையாகப் பார்க்கிறேன்" என்றார் அவர்.

அவர் சொல்லைக் கேட்டுப் பொறுத்திருந்தேனில்லை. வீட்டின் பின்புறத்தே வெட்டிக் கிடந்த வேப்பங்கட்டையையே கொணர்ந்து கொடுத்து, அன்றே கடையுமாறு வற்புறுத்தினேன். ஈரம் புலராத அக்கட்டையிற் கடைந்த கிண்ணம் ஒரு திங்களுக்குள் சுருங்கிப் பிளந்தது. இரண்டாமுறை, பழைய வீட்டிலிருந்து கழற்றிய வாகை விட்டத்தின் துண்டொன்று கிடைத்தது. அதனை அவர் கடைந்து, உப்புத்தாளால் தேய்த்துத் தந்தார். யான் கம்பிகளைப் பற்றவைத்து, உட்புறத்தே சிறிது பஞ்சும் வைத்துப் பொருத்தினேன். கேட்டவுடன் இசை தேனாய்ப் பாய்ந்தது போலத் தோன்றிற்று. விடுதிக்கு மீண்டு, மரத்தின் பெருமையை அனைவரிடமும் பறைசாற்றினேன்.

ஒரு நண்பர் மட்டும் நம்பவில்லை. அவரிடத்தே அதே வகை ஹெட்போன் பிளாஸ்டிக் கிண்ணத்துடன் இருந்தது. அதன் வெளிப்புறத்தே சிறு ஈயவில்லைகளை ஒட்டி, எடையால் வேற்றுமை அறியாவண்ணஞ் செய்தார். உள்ளேயும் என்னுடையதிற்போலப் பஞ்சு வைத்தார். என் கண்களைக் கட்டி, ஒரே பாட்டை ஒரே அளவான ஒலியில், பத்து முறை மாற்றி மாற்றிக் கேட்பித்தார். எது மரம், எது பிளாஸ்டிக் என யான் சரியாய்க் கூறியது ஆறு முறை. நாணயத்தைச் சுண்டிப்போட்டு விடை கூறினும், பத்தில் ஆறோ அதற்கு மேலோ சரியாய் வருதற்கு நூற்றுக்கு ஏறத்தாழ 38 பங்கு வாய்ப்பு உண்டு. என் செவித்திறத்தின் மதிப்பு அவ்வளவே. பின்னர் அவர் தம் கருவியினின்றும் பஞ்சை எடுத்துவிட்டு, மீண்டும் பத்து முறை சோதித்தார். இம்முறை ஒன்பது சரி. தற்செயலாய் அங்ஙனம் நேர்தற்கு நூற்றில் ஒரு பங்கே வாய்ப்பு. யான் தேனென்று கொண்டாடியது வாகையினாலன்று, பஞ்சினால் என்பது அன்று விளங்கிற்று. வெட்கம் உண்டாயினும், அவ்வொரு மாலையில் யான் கற்றது ஒரு பருவத்துப் பாடத்திற்குக் குறைந்ததன்று.

காரணம் அறிதல் எளிது. காற்றில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர் செல்லும். கிண்ணத்தின் ஆழம் 2 செண்டிமீட்டர் எனின், சவ்விற்கும் பின்சுவருக்கும் இடையே ஒலி போய்வரும் தொலைவு 4 செண்டிமீட்டர். நொடிக்கு ஏறத்தாழ 8,500 அதிர்வுடைய ஒலி ஆங்கே எதிரொலித்து வலுக்கும். தாளத்தின் கிணுக்கொலியும், பாடுவோர் வாயின் சகர ஒலியுங் கூர்மையாய்க் குத்துதற்கு இஃதொரு காரணம். பஞ்சு அதனை விழுங்குகின்றது. இவ்வாறே கிண்ணத்தின் கொள்ளளவு மாறினும், பின்துளை சிறிதாயினும் பெரிதாயினும், காதுமெத்தை செவியைச் சுற்றி இடைவெளியின்றிப் பொருந்தாவிடினும், கீழ்ச்சுருதி ஒலிகள் பெரிதும் வேறுபடும். இவை அனைத்தும் நம் கையால் திருத்தத் தக்கன. இவற்றிற்கு ஆகுஞ் செலவோ சில ரூபாய்களே.

விலையை மட்டும் நம்பி மயங்குதலும் வேண்டா. ஜெரோன் பிரேபார்ட் என்னும் ஆய்வாளர் 283 ஹெட்போன்களை அளந்து 2017-இல் வெளியிட்ட கட்டுரையில், தாழ்ந்தும் உயர்ந்தும் வரும் சுருதிகளைக் கருவி வழங்கும் முறைக்கும் அதன் விலைக்கும் தொடர்பு காணப்படவில்லை எனக் காட்டினர். எளிய கருவி உடையோம் என்று ஏங்குவார்க்கு இஃது ஆறுதலாகும்.

அங்ஙனமாயின் மரக்கிண்ணம் எற்றுக்கு என வினவுவீர்கள். உடைந்ததை எறியாது காத்தற்கும், நம் ஊர்த் தொழிலாளரின் கைத்திறத்தை அறிதற்கும், செய்து பார்த்துக் கற்றற்கும் என்பேன். கர்நாடகத்துச் சன்னபட்டணத்தார் வெட்பாலை மரத்தைக் கடைந்து, அரக்கு வண்ணமிட்ட பொம்மைகளால் உலகெங்கும் பெயர் பெற்றனர். கும்பகோணத்தை அடுத்த நரசிங்கம்பேட்டையார் ஆச்சா மரத்திற் கடையும் நாகசுரம் 2022-இல் புவிசார் குறியீடு பெற்றது. நம் பக்கத்துக் கடைசற்காரரோ, பிளாஸ்டிக் பொருள்கள் மலிந்தமையால் வேலை குறைந்து நிற்கின்றார். கால் மில்லிமீட்டர் பிசகாது இரு கிண்ணங்களை ஒப்பக் கடையும் அவர் கைக்கு, அளவுகளை வரைந்து கொடுக்கும் மாணவன் ஒருவன் துணையாயின், இருவர்க்கும் ஆக்கமுண்டு. கருத்தும் கையும் ஒன்றையொன்று அறியாது பிரிந்து நிற்பதே நம் கல்வியின் பெருங்குறை.

ஈண்டு எச்சரிக்கை இரண்டு கூறல் வேண்டும். முதலாவது, மரத்தின் மேல் ஆசை காட்டின்மேற் பாயலாகாது. ஒகேனக்கலுக்குச் செல்லும் வழியெல்லாங் காடாயிருத்தலின், ஒரு துண்டு சந்தனமோ ஆச்சாவோ எடுத்தால் என்ன குறைந்துவிடும் என எண்ணுவோர் உண்டு. அது குற்றம். 2022-இல் கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டக் காடுகளில் 686 சதுர கிலோமீட்டர் பரப்பு, காவிரி தெற்கு வன உயிரினச் சரணாலயமாக அறிவிக்கப்பெற்றது. அக்காட்டை உடைமையாகக் கொண்டு வாழ்வன அவ்விலங்குகளே. மரம் பாட வேண்டாத இக்கருவிக்கு அரிய மரம் எற்றுக்கு? பழைய விட்டம், ஒடிந்த கட்டிற்கால், கழிந்த செக்குக்கட்டை ஆகியவை போதும். பன்னாட் புலர்ந்தமையால் இவை பச்சைமரத்தினும் நன்று.

இரண்டாவது, கிண்ணத்தைப் பேணுதலினுஞ் செவியைப் பேணுதல் தலையாயது. நூறு கோடிக்கு மேற்பட்ட இளைஞர் மிகையொலியாற் செவிப்புலன் இழக்கும் இடரில் உள்ளனர் என உலகச் சுகாதார நிறுவனத்தார் கூறுகின்றனர். வாரத்திற்கு 40 மணி நேரம் கேட்பின் 80 டெசிபெலுக்கு மேற்போகலாகாது என்பது 2019-இல் அவர்கள் வகுத்த வரம்பு. உடைந்த கிண்ணத்திற்கு வாகை உண்டு. கெட்ட செவிநரம்பிற்கு மாற்று எக்காட்டிலும் இல்லை.

கல்லூரித் தலைவர்க்கும் ஆசிரியர்க்கும் ஒரு விண்ணப்பம். வாரத்தில் ஒரு நாள் மாலை, இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் ஒரு மேசையும், பற்றவைக்கும் கோலும், ஒரு சிறு ஒலிவாங்கியும் மாணவர்க்குத் தந்துதவுக. பழுதுற்ற கருவிகளை ஆங்கே கொணர்ந்து திருத்துவோம். திருத்துமுன்னும் திருத்திய பின்னும் அளந்து, கண்டதைக் கண்டவாறே ஏட்டில் எழுதுவோம். பயன் விளைந்தது எனின் விளைந்தது என்றும், இல்லையெனின் இல்லை என்றும் எழுதும் பழக்கம் ஒன்றே அம்முயற்சிக்குத் தக்க ஊதியமாம். கடைசற்காரரையும் ஒருநாள் அழைத்து, ஆசிரியர் ஆசனத்தில் அமர்த்தி, அவர் கூறுவதைக் கேட்போம். நாசரேத்தூரில் தச்சுப்பட்டறையிற் கைவருந்தி உழைத்த பெருமானின் பெயரால் நிறுவிய கல்லூரிக்கு இஃது இழுக்காகாது, பெருமையேயாம்.

என் மேசைமேல் அவ்வாகைக் கிண்ணங்கள் இன்றும் உள்ளன. அவை இனிமை சேர்ப்பதில்லை என்பதை அறிவேன். பிறர் பாட்டிற்குத் தம் ஒலியைக் கலவாது, அதனைத் தாங்கி நிற்கின்றன. அதற்காகவே அவற்றை விரும்புகின்றேன். மரம் சத்தம் போடவேண்டுமா, சும்மா இருக்கவேண்டுமா என்று அம்முதியவர் கேட்ட வினாவை, கற்றவர் என்று பெயர் படைத்த நாமும் பேசத் தொடங்குமுன் ஒருகால் நம்மையே கேட்டுக்கொள்வோமாக.