செல்லமும் மரியாதைப் பன்மையும்

பிள்ளைகளுக்கு நற்பண்புகளைக் கற்பிப்பது பற்றிய பேச்சு பெரும்பாலும் இரு முனைகளில் போய் நின்றுவிடுகிறது. செல்லம் கொடுத்தே கெடுத்துவிட்டார்கள் என்கிறது ஒரு தரப்பு. கண்டித்தால் பிஞ்சு மனம் வாடிவிடும் என்று அஞ்சுகிறது மறு தரப்பு. அன்பும் கண்டிப்பும் ஒரே தராசின் இரு தட்டுகள், ஒன்று உயர்ந்தால் மற்றொன்று தாழும் என்பதே இரு தரப்பாரின் எண்ணமும்.

1960களில் பெர்க்லியில் ஆய்வு செய்த உளவியலாளர் டயானா பாம்ரிண்ட் இவ்வெண்ணத்தை மறுத்தார். கீழ்ப்படிதலை மட்டும் கோருவோர், எதையுமே கோராதோர், அன்போடு காரணம் சொல்லி உறுதியாக நிற்போர் எனப் பெற்றோரை அவர் மூவகையாகப் பிரித்தார். மூன்றாம் வகையினரின் பிள்ளைகளிடமே தற்சார்பும் தன்னடக்கமும் மிகுந்திருக்கக் கண்டார். எனினும் அவர் ஆராய்ந்தவை பெரும்பாலும் அமெரிக்க நடுத்தர வர்க்கக் குடும்பங்கள். இந்திய நகரத்து நடுத்தர வர்க்க வீட்டில் பெற்றோர், பிள்ளை ஆகியோரோடு மூன்றாமவர் ஒருவரும் இருக்கிறார். வீட்டுவேலை செய்யும் பெண், ஓட்டுநர், அடுக்ககத்தின் காவலாளி ஆகியோரே அவர். செல்லம் எல்லை மீறியதா என்பது அவர்முன்தான் தெரியவரும்.

இதற்கு மொழியே சான்று. தமிழில் நீ, நீங்கள் என்றும் இந்தியில் தூ, தும், ஆப் என்றும் முன்னிலைப் பெயர்களில் படிநிலை உண்டு. ரோஜர் பிரவுனும் ஆல்பர்ட் கில்மனும் 1960இல் வெளியிட்ட புகழ்பெற்ற கட்டுரை, இத்தகைய பெயர்களின் வழக்கில் அதிகாரம், நெருக்கம் என்னும் இரு விசைகள் இயங்குவதை விளக்கியது. தாயைப் பிள்ளை 'நீ' என்கிறது. தாயும் அவ்வாறே அழைக்கிறாள். அது நெருக்கம். அறுபது வயதுக் காவலாளியை ஆறு வயதுச் சிறுவன் 'நீ' என்கிறான். அவரோ அவனை 'நீங்கள்' என்கிறார். அது அதிகாரம்.

இவ்வேறுபாட்டை எந்தப் பெற்றோரும் பாடமாக நடத்துவதில்லை. பெரியவர்கள் யாரிடம் எப்படிப் பேசுகிறார்கள் என்பதைக் கேட்டுக் கேட்டே குழந்தை அதன் இலக்கணத்தை வகுத்துக்கொள்கிறது. வேலைக்கார அம்மாவை நோக்கி 'ஏய், தண்ணீர் கொண்டா' என்று அது ஆணையிடும்போது வீட்டார் அதைச் சுட்டித்தனமாகக் கருதிச் சிரிக்கிறார்கள். பொம்மைகளை அள்ளிக் கொடுப்பதைக் காட்டிலும் அச்சிரிப்பே பெரிய செல்லம். பிறர்க்குரிய விதி தனக்கு இல்லை என்ற எண்ணத்தைக் குழந்தையின் மனத்தில் ஊன்றுவது அதுவே.

சொல்லை மாற்றினால் போதுமா என்ற வினா நியாயமானது. போதாது. 'அக்கா' என்று அழைக்கச் சொல்லிவிட்டு, அந்த அக்காவுக்கென்று தனிக் குவளை ஒதுக்கும் வீட்டில் பிள்ளை குவளையின் பாடத்தையே கற்கும். சாதியும் வர்க்கமும் சமைத்த ஏற்றத்தாழ்வை ஒரு குடும்பம் ஒழித்துவிட முடியாது. அதைத் தன் பிள்ளைக்கு மரபுரிமையாகக் கையளிக்காமலிருக்க முடியும்.

அடித்துத் திருத்துவதும் வழியன்று. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் பள்ளியில் உடல்சார் தண்டனையையும் மனத் துன்புறுத்தலையும் தடை செய்தது. வீட்டிலோ அடி இன்னும் வளர்ப்பு முறையாகவே கருதப்படுகிறது. வலியவருக்குக் காரணம் தேவையில்லை என்பதே அடி கற்பிக்கும் பாடம். காவலாளியை ஒருமையில் விளிக்கும் சிறுவன் கற்றதும் அதே பாடந்தான்.

பெற்றோர் செய்யக்கூடியவை எளியவை. உண்ட தட்டைப் பிள்ளையே எடுத்து வைக்கட்டும். மறுத்த பொருளை, மறுப்புக்குக் காரணம் சொன்னபின், அழுகைக்கு அஞ்சிக் கொடுக்காதிருக்கட்டும். அந்த அழுகையின்போது அணைத்துக்கொள்ளலாம். அணைப்பு எந்தப் பிள்ளையையும் கெடுத்ததில்லை. பணியாளரிடம் தாம் கடிந்து பேசிவிட்டால், பிள்ளையின் கண்முன்னே அவரிடம் மன்னிப்புக் கேட்கட்டும். இம்மூன்றில் கடைசியே கடினமானது. பிள்ளை நெடுநாள் நினைவில் வைத்திருப்பதும் அதைத்தான்.