ஆடுகளத்தில் மூக்குக் கண்ணாடி

ஆடுவதற்கு முன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்தல் வேண்டும் என்பது கொழும்புத் தமிழரிடையே எழுதப்படாத விதியாகி வருகின்றது. கொட்டாஞ்சேனையின் திருமண மண்டபங்களிலும், பிறந்தநாள் விழாக்களிலும், பழைய மாணவர் ஒன்றுகூடல்களிலும் இவ்விதி கடைப்பிடிக்கப்படுவதைக் காணலாம். விருந்து முடிந்து பைலா இசை தொடங்கியதும், மேசையை விட்டு எழும் இளம்பெண் முதலிற் செய்வது கண்ணாடியைக் கழற்றிக் கைப்பைக்குள் வைப்பதே. அவள் மறந்தாலும் அருகிலிருக்கும் பெரியம்மாவோ மாமியோ மறப்பதில்லை. "கண்ணாடியைக் கழற்றிப்போட்டு ஆடு பிள்ளை, அதுதான் வடிவு" என்ற சொல் உடனே வரும். இளைஞர்களும் இதற்கு முற்றிலும் விலக்கானவரல்லர். எனினும் சுமை பெரும்பாலும் பெண்கள் மீதே விழுகின்றது.

இஃது அற்ப விடயம் என்று நகைப்போர் உளர். அற்பமன்று என்பதே இக்கட்டுரையின் வாதம். ஒருவர் தமது பார்வையைத் தாமே கைவிட்டுக் கூட்டத்தின் நடுவே இறங்க வேண்டும் என ஒரு சமுதாயம் எதிர்பார்க்குமாயின், அழகு பற்றியும் பெண் பற்றியும் அச்சமுதாயம் கொண்டுள்ள கருத்து விசாரணைக்குரியதாகின்றது.

கண்ணாடியைக் கழற்றுவதால் இழக்கப்படுவது யாதென்பதை முதலில் நோக்குதல் தகும். குறும்பார்வை உள்ளவரின் கண்ணில் தூரத்துப் பொருளின் விம்பம் விழித்திரையை அடையுமுன்பே குவிந்துவிடுகின்றது. குழிவில்லை அவ்விம்பத்தைப் பின்தள்ளி உரிய இடத்தில் விழச் செய்கின்றது. வைத்தியர் 'மைனஸ் மூன்று' என எழுதிக் கொடுத்த ஒருவருக்குக் கண்ணாடியின்றித் தெளிவாகத் தெரியும் எல்லை ஏறத்தாழ 33 சென்ரிமீற்றர்; அதாவது ஓரடியைச் சற்றே கடந்த தூரம். பைலா ஆடுவோர் பெரும்பாலும் எதிரெதிரே நின்று, கைவீசுவதற்கு இடம்விட்டே ஆடுவர். ஆகவே கண்ணாடியைக் கழற்றியவர் தம் எதிரே ஆடுபவரின் முகத்தைக்கூடத் தெளிவாகக் காண்பதில்லை. எதிரே இருப்பவர் சிரிக்கின்றாரா, களைத்து ஒதுங்க எண்ணுகின்றாரா என்பது அவருக்குத் தெரியாது. எட்ட நின்று கையசைத்த தோழிக்குப் பதிற் சைகை காட்டாமையால் 'பெரிய எண்ணம் பிடித்தவள்' என்ற பெயரும் அவளுக்குக் கிடைக்கின்றது. வேண்டாத ஒருவன் கூட்டத்தினூடே நெருங்கி வருவதை முன்கூட்டிக் கண்டு விலகும் வாய்ப்பையும் அவள் இழக்கின்றாள். இவ்வளவையும் கொடுத்து அவள் பெறுவது, பிறர் கண்ணுக்குச் சற்று வடிவாகத் தோன்றக்கூடும் என்ற நம்பிக்கை ஒன்றே.

இவ்வழக்கத்தை ஆதரிப்போர் மேடை நடனத்தை எடுத்துக்காட்டாகக் காட்டுவதுண்டு. பரத அரங்கேற்றத்தில் எந்த மாணவியாவது கண்ணாடி அணிந்து ஆடுகின்றாளா என அவர்கள் வினவுகின்றனர். இவ்வினாவிலேயே அவர்களது தவறு அடங்கியுள்ளது. பரதத்திற் கண் என்பது பார்ப்பதற்கான உறுப்பு மாத்திரமன்று. கருத்தை உணர்த்தும் கருவியுமாகும். கொழும்பிலே பிறந்த ஆனந்த குமாரசுவாமி, துக்கிராலா கோபாலகிருஷ்ணய்யாவுடன் இணைந்து 1917 இல் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து வெளியிட்ட அபிநயதர்ப்பணம், எட்டு வகையான பார்வைகளை வகுத்துக் கூறுகின்றது. மேடை விளக்கின் ஒளி வில்லையிற் பட்டுத் தெறித்து அப்பார்வைகளை மறைக்கும் என்று ஒருவர் வாதிட்டால் அதில் நியாயமுண்டு. அங்கே ஆடுபவர் ஒருபுறமும் பார்ப்பவர் மறுபுறமுமாகப் பிரிந்து நிற்கின்றனர்.

கூடியாடும் நடனத்தில் இப்பிரிவு இல்லை. கும்மியிற் பார்வையாளர் என ஒரு கூட்டம் அவசியமில்லை. வட்டத்தினுள் இருப்போர் யாவரும் ஆடுவோரே. கோலாட்டம் இன்னும் தெளிவான சான்று. எதிரே வருபவரின் கோல் எங்கே உயர்கின்றது, எப்போது இறங்குகின்றது என்பதைக் காணாதவர் கோலாட்டம் ஆட முடியாது. ஆடினால் விரல்தான் நசுங்கும். பைலாவும் இவ்வகையைச் சேர்ந்ததே. 1505 இல் இத்தீவை வந்தடைந்த போர்த்துக்கேயரின் மொழியில் ஆடுதல் எனப் பொருள்படும் சொல்லின் வழிவந்தது அதன் பெயர். அவர்களாற் கொண்டுவரப்பட்ட ஆபிரிக்கரின் தாளமும், பறங்கியரின் கஃபிரிஞ்ஞாவும் அதனுள் கலந்தன. 1940களிற் பொலிஸ் உத்தியோகத்தரான வொலி பஸ்தியன் அதனைச் சிங்களப் பாடலாக வளர்த்தார். எழுபதுகளில் ஏ. ஈ. மனோகரன் போன்றோரின் தமிழ்ப் பொப் பாடல்கள் அத்தாளத்தைத் தமிழ் வீடுகளுக்குள்ளும் கொண்டுவந்தன. தமிழர், சிங்களவர், பறங்கியர், முஸ்லிம்கள் அடுத்தடுத்து வாழும் கொட்டாஞ்சேனை போன்றதோர் இடத்தில், மொழி தெரியாத அயலவருடன்கூட ஒருவர் கலந்து மகிழ வழிவகுப்பது இந்நடனம். அவ்வயலவரின் முகத்தைப் பார்க்க முடியாதவாறு அதில் இறங்குவது, அந்நடனத்தின் நோக்கத்தையே தோற்கடிப்பதாகும்.

அவ்வாறாயின் இவ்வழக்கம் ஏன் வலுப்பெறுகின்றது? ஆடுகளம் மேடையாக்கப்பட்டு விட்டமையே காரணம். முன்னர் மூலையில் நின்ற ஒரு புகைப்படக்காரரின் இடத்தை இன்று வீடியோக் கமராக்களும், நூற்றுக்கணக்கான கைத்தொலைபேசிகளும், சில வேளைகளில் தலைக்குமேற் பறக்கும் கமராவும் பிடித்துள்ளன. ஆடுபவர் தம்முடன் ஆடுபவருக்காக அன்றி, பின்னர் அப்படத்தைப் பார்க்கப்போகும் கனடாவிலும் இலண்டனிலும் உள்ள உறவினருக்காக ஆடுகின்றார். கமராவின் வில்லைக்கு முன்னால் முகத்தின் வில்லை குற்றமாகி விடுகின்றது. பார்ப்பதும் பார்க்கப்படுவதும் சமமாக இருந்த களத்தில், பார்க்கப்படுவதே முழுத் தொழிலாகின்றது. பார்வையைக் கழற்றி வைத்துவிட்டுக் காட்சிப்பொருளாக நிற்குமாறு பணிக்கப்படுபவள், வழக்கம்போலப் பெண்.

இதன் வேர் திருமணச் சந்தையில் உள்ளது. கண்ணாடி அணிந்த இளைஞன் 'படித்த பிள்ளை' எனப் போற்றப்படுகின்றான். அதே வலுவுள்ள கண்ணாடியை அணிந்த பெண்ணுக்குக் 'கண்ணிற் குறை' உண்டென முணுமுணுக்கப்படுகின்றது. தரகரிடம் கொடுக்கப்படும் படத்தில் அவள் கண்ணாடி அணிந்திருத்தல் ஆகாது. திருமண வரவேற்புகள் அடுத்த சம்பந்தம் பேசப்படும் இடங்களாகவும் இருப்பதால், அங்கேயும் அவள் அப்படத்தைப் போன்றே தோன்ற வேண்டும் எனத் தாய்மார் கருதுகின்றனர். இத்தாய்மாரைக் கொடியவர் என்று கூறுதல் பொருந்தாது. தம் மகளின் வாழ்வு பற்றிய அச்சமே அவர்களை அவ்வாறு பேசச் செய்கின்றது. ஆயின் அவ்வச்சத்தை நாள்தோறும் ஊட்டி வளர்க்கும் மாப்பிள்ளை வீட்டாருக்கும், கண்ணாடியைக் கண்டதும் முகஞ்சுளிக்கும் படித்த இளைஞருக்கும் எம்மன்னிப்பும் இல்லை. பல்கலைக்கழகத்திற் பெண் விடுதலை பற்றி முழங்கிவிட்டு, வீட்டிற்குச் சென்றதும் கண்ணாடியில்லாப் பெண் தேடும் பட்டதாரிகள் இல்லையென எவரும் சத்தியம் செய்ய இயலாது.

இன்னொரு முரண்பாடும் ஈண்டு நோக்கற்பாலது. இப்பெண்ணின் கண்ணைக் குறும்பார்வைக்குட்படுத்தியதிற் சமுதாயத்துக்கும் பங்குண்டு. குறும்பார்வையிற் பரம்பரைக்கு இடமுண்டெனினும், சிறுவயதில் வெளிவெளிச்சத்திற் கழியும் நேரம் குறைவதும், நெருங்கிய வாசிப்பு மிகுவதும் அதனை வளர்க்கின்றன. சீனாவின் குவாங்சோ நகரில் முதலாம் வகுப்புச் சிறுவரிடையே நடத்தப்பட்டு 2015 இல் வெளியான ஆய்வு இதற்குச் சான்று. அங்கே சில பாடசாலைகளிற் பாடசாலை நாள்தோறும் மேலதிகமாக 40 நிமிடம் வெளியே விளையாட விடப்பட்டது. மூன்று ஆண்டுகளின் பின் அப்பாடசாலைகளிற் புதிதாகக் குறும்பார்வைக்குள்ளானோர் 30.4 வீதம், ஏனைய பாடசாலைகளில் 39.5 வீதம். 2050 இல் உலக மக்களில் ஏறத்தாழ அரைவாசிப் பேர் குறும்பார்வை உடையோராவர் என 2016 இல் வெளியான மதிப்பீடு ஒன்று எதிர்வுகூறியது. கொட்டாஞ்சேனைச் சிறுமிக்கு விளையாட முற்றம் இல்லை; பாடசாலை முடிந்ததும் ரியூசன், அதன்பின் இரவுவரை புத்தகம். பரீட்சைக்காக அவளிடம் கண்ணைக் கேட்ட சமுதாயம், பரீட்சையில் அவள் தேறிய பின் கல்யாணத்துக்காகக் கண்ணாடியையும் கேட்கின்றது.

கண்ணாடி வழுக்கும், வியர்வையில் நழுவும், விழுந்து உடையும் என்பது அடுத்த வாதம். இது நடைமுறைக் கஷ்டம். அதற்கு நடைமுறைப் பரிகாரமும் உண்டு. மூக்கிற் படியும் பகுதியையும் காதிற் கொளுவும் தண்டையும் அளவாகச் சரிசெய்து தருமாறு கண்ணாடிக் கடையிற் கேட்கலாம். பின்புறம் ஒரு பட்டி கட்டிக்கொள்ளலாம். 1975 ஆம் ஆண்டு உலகக்கிண்ணத் துடுப்பாட்ட இறுதிப் போட்டியில் மேற்கிந்தியத் தீவுகளின் தலைவர் கிளைவ் லொயிட், லில்லி, தொம்சன் ஆகியோரின் வேகப்பந்து வீச்சை எதிர்கொண்டு 102 ஓட்டங்கள் குவித்தார். அவர் மூக்குக் கண்ணாடி அணிந்து ஆடியவர். லோர்ட்ஸ் மைதானத்தில் அத்தகைய பந்துகளுக்கு ஈடுகொடுத்த கண்ணாடி, கொழும்பு மண்டபமொன்றிற் பைலாவுக்கு ஈடுகொடாது என்பது நம்பத்தக்கதன்று.

தொடுவில்லைகள் இருக்கின்றனவே என்பாரும் உளர். விரும்பியவர் அவற்றை அணிதலில் ஆட்சேபமில்லை. எனினும் அவற்றுக்குத் தொடர்ந்து செலவுண்டு. தூய்மை தவறினால் கண்ணிற் கடுந்தொற்றும் ஏற்படலாம். வசதியுள்ளவர் மறைத்துக்கொள்ளலாம், வசதியற்றவர் குருடராக ஆடட்டும் என்பது தீர்வாகாது. வெட்கம் பிழையானதாயின் அதனை நீக்கவேண்டுமேயன்றி, மறைப்பதற்கு விலை கொடுத்தல் தகாது.

கண்ணாடி மேனாட்டுப் பொருள். சேலைக்கும் தமிழ்ப் பெண்ணின் முகத்துக்கும் அது பொருந்தாது என்போர் வேடிக்கையானவர்கள். மாப்பிள்ளையின் கோட்டும் கழுத்துப்பட்டியும், மூன்று தட்டுக் கேக்கும், பைலாவின் தாளமும் எங்கிருந்து வந்தன? பதின்மூன்றாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இத்தாலியில் தோன்றிய மூக்குக் கண்ணாடி, அவை யாவற்றிலும் பயனுள்ள பொருள். மேலும், மேனாட்டாரே இந்த வெட்கத்தை நெடுநாள் முன்னர் எள்ளி நகையாடியுள்ளனர். 1953 இல் வெளிவந்த ஒரு ஹொலிவூட் படத்தில் மர்லின் மன்றோ, ஆண்கள் விரும்பமாட்டார்கள் என்ற பயத்தாற் கண்ணாடியை ஒளித்துவைத்துச் சுவரில் மோதிக்கொள்ளும் பெண்ணாக நடித்தார். இறுதியில் அவள் கண்ணாடியை அணிந்துகொள்வது, தானும் கண்ணாடி அணிந்த ஒருவன் அது அவளுக்கு அழகாயிருக்கின்றது என்று கூறும்போதே. எழுபது ஆண்டுகளுக்கு முன் நகைப்புக்கிடமான ஒன்று, இன்றும் கொழும்பில் ஒழுங்குவிதியாக இருப்பது வருந்தத்தக்கது. அப்படத்திலும் ஓர் ஆணின் அனுமதி கிடைத்த பின்னரே அவளது வெட்கம் தீர்கின்றது என்பது அதன் குறை. இங்குள்ள பெண்கள் அவ்வனுமதிக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

கொட்டாஞ்சேனைக்கு இவ்விடயத்தில் தனிப்பட்டதொரு கடப்பாடும் உண்டு. அவ்வூரின் பேராலயம் புனித லூசியாவின் பெயரால் விளங்குவது. சிசிலியின் சிராகூஸ் நகரில் 304 ஆம் ஆண்டளவில் மறைசாட்சியாக மரித்த அவர், பார்வையின் பாதுகாவலராகக் கத்தோலிக்கரால் வணங்கப்படுகின்றார். ஓவியங்களில் இரு கண்களைத் தட்டில் ஏந்தி நிற்பவர் அவரே. தன் கண்ணழகில் மயங்கிய ஒருவனை விலக்குவதற்காக அவர் அக்கண்களைப் பறித்தெறிந்தார் என ஒரு மரபுக்கதை கூறும். ஒருவனுக்குப் பிடித்தவளாக இருக்க மறுத்தவரின் திருநாளை டிசெம்பர் 13 ஆம் திகதி கொண்டாடிவிட்டு, பிறருக்குப் பிடிக்க வேண்டும் என்பதற்காகப் பார்வையைக் கழற்றுமாறு மகளுக்குக் கூறுவது என்ன பக்தி?

அதே கொழும்பு பதின்மூன்றில், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திற் சேர் பொன்னம்பலம் இராமநாதன் கருங்கல்லாற் புதுக்குவித்த பொன்னம்பலவாணேசுவரர் ஆலயம் உள்ளது. பெயரே தில்லைக் கூத்தனை நினைவூட்டுவது. அக்கூத்தனின் தோழரான சுந்தரர் கண்ணிழந்தபோது, திருவெண்பாக்கத்திற் பெற்ற ஊன்றுகோலுடன் ஊர் ஊராக நடந்தார். காஞ்சியில் ஒரு கண்ணையும் திருவாரூரில் மறுகண்ணையும் உரிமையோடு கேட்டுப் பெற்றார். அக்கோலை அவர் எவருக்கும் மறைத்ததாகப் பெரியபுராணம் கூறவில்லை. கண்ணாடியும் அத்தகைய ஊன்றுகோலே.

கலாநிதி ஹட்சன் சில்வா 1961 இல் நிறுவிய கண்தானச் சங்கத்தின் மூலம், ஐம்பதுக்கும் மேற்பட்ட நாடுகளுக்கு இந்நாட்டு மக்கள் இறந்தபின் தம் கண்களை வழங்கி வந்துள்ளனர். இறந்தபின் அந்நியருக்குப் பார்வை கொடுக்கத் தயங்காத நாட்டில், உயிருள்ள பெண்ணின் பார்வை ஒரு படத்திற்காகப் பறிக்கப்படலாகாது. தாய்மார் அச்சொல்லைச் சொல்லாது விடுக. இளைஞர் தம் முகஞ்சுளிப்பை விடுக. படம் பிடிப்போர் 'கண்ணாடியைக் கழற்றுங்கள்' எனும் கட்டளையைக் கைவிடுக. பல்கலைக்கழக மாணவியர் தம் ஒன்றுகூடல்களில் இதனைத் தொடங்கி வைத்தல் பொருத்தமானது. பின்வரும் தங்கையர்க்கு அது வழக்கமாகிவிடும். ஆட விரும்பாதோர் ஆடாதிருக்கட்டும். ஆடுவோர் யாருடன் ஆடுகின்றோம் என்பதைப் பார்த்துக்கொண்டே ஆடட்டும்.