பெருந்தொற்றுக் காலத்தில் புற்றுநோய்ச் சிகிச்சை: தொலைமருத்துவம் குறித்து எங்கள் நிலைப்பாடு

2020 மார்ச் 25 அன்று நாடு முழுவதும் ஊரடங்கு தொடங்கியது. மத்திய அரசின் தொலைமருத்துவ நெறிமுறைகளும் அதே தேதியில்தான் வெளிவந்தன. போனிலோ வீடியோவிலோ நோயாளியிடம் பேசி மருந்து எழுதலாமா என்று தயங்கிய மருத்துவர்களுக்குத் தெளிவான அனுமதி கிடைத்தது. ஆனாலும் அந்த ஆண்டு மார்ச் முதல் மே வரை, ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளப்பட்ட 41 புற்றுநோய் மையங்களில், 2019-இன் அதே மாதங்களைவிடப் புதிய நோயாளிகளின் பதிவு 54 சதவீதமும் தொடர் பரிசோதனைக்கு வந்தவர்களின் எண்ணிக்கை 46 சதவீதமும் குறைந்துபோயின.

இந்த இரண்டு சரிவுகளுக்கும் ஒரே மருந்து கிடையாது. புதிதாக வருபவருக்குக் கட்டியைத் தொட்டுப் பார்க்க வேண்டும், சதைப் பரிசோதனை செய்ய வேண்டும். இதைப் போனில் செய்ய முடியாது. எனவே எந்தத் தொற்று வந்தாலும் நோய் கண்டறியும் புறநோயாளர் பிரிவை மூடக் கூடாது. தொலைமருத்துவம் இருக்கிறதே என்பது அதற்குச் சாக்காகவும் கூடாது.

ஏற்கெனவே சிகிச்சையில் இருப்பவர்களின் நிலை வேறு. தமாக்சிஃபென், இமாட்டினிப் போன்ற மாத்திரைகளை நீண்டகாலம் சாப்பிடுபவர், நிலை சீராக இருக்கும்வரை, உள்ளூரிலேயே ரத்தம் கொடுத்து அறிக்கையை வாட்ஸ்ஆப்பில் அனுப்பலாம். மருத்துவர் பார்த்துவிட்டுப் பேசலாம். எதிர்ப்பு சக்தி குறைந்த ஒருவரைக் கூட்டத்தில் மணிக்கணக்காக உட்காரவைப்பதைவிட இது பல மடங்கு பாதுகாப்பானது. கீமோ எடுத்தவருக்குக் காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால் மட்டும் போன் ஆலோசனையோடு நிறுத்தக் கூடாது. உடனே மருத்துவமனைக்கு வரவைக்க வேண்டும், வருவதற்கு வண்டியும் ஏற்பாடு செய்ய வேண்டும்.

எங்களை அதிகம் வருத்துவது வலி. முற்றிய நிலையில் வரும் கடும் வலிக்கு மார்ஃபின் இன்றியமையாத மருந்து. ஆனால் போதைப்பொருள் சட்டத்தின் கீழ் வரும் மருந்துகளைத் தொலைமருத்துவத்தில் எழுத 2020 நெறிமுறை இடம் தரவில்லை. தவறான கைக்குப் போய்விடக் கூடாது என்ற கவலை நியாயமானது. ஆனால் படுக்கையை விட்டு எழ முடியாதவருக்கு மாத்திரை தீர்ந்துவிட்டால், பேருந்து ஓடாத ஊரிலிருந்து அவர் எங்கே போவார்? நெறிமுறை அவரை நினைத்துப் பார்க்கவில்லை.

ஆகவே அரசிடம் நாங்கள் கேட்பது இதுதான்: அங்கீகாரம் பெற்ற மருத்துவ நிறுவனம் நேரில் பார்த்து மார்ஃபின் தொடங்கிய நோயாளிக்கு, பெருந்தொற்றுக் காலத்தில் தொடர் மருந்தைத் தொலைவிலிருந்து எழுத அனுமதி வேண்டும். எழுதிய மருந்தை அங்கீகாரமுள்ள அருகிலுள்ள அரசு மருத்துவமனை கொடுக்கட்டும். வீட்டுக்குச் செல்லும் செவிலியர் வலியின் அளவையும் மீதி மாத்திரைகளின் எண்ணிக்கையையும் பதிவேட்டில் குறிக்கட்டும்.

இன்னொன்று. ஸ்மார்ட்போன் இல்லாத வீடுகள் ஏராளம். வீடியோவை மட்டும் ஆலோசனையாகக் கணக்கில் எடுக்கும் எந்தத் திட்டத்தையும் நாங்கள் ஏற்க மாட்டோம். சாதாரண போன் அழைப்பையும் ஆலோசனையாகப் பதிவு செய்து நோயாளியின் கோப்பில் சேர்க்க வேண்டும்.