ராத்திரியிலும் அனல்! தஞ்சை வீதிகளில் காற்று எங்கே போச்சு?

அக்னி நட்சத்திரம் வந்துவிட்டால் தஞ்சை கீழவீதி, தெற்கு வீதி சந்துக்காரர்களுக்குத் தூக்கம் போச்சு! வயல் பக்கம் பொழுது சாய்ந்ததும் தரை ஆறிவிடும். ஊருக்குள், பகலெல்லாம் வெயிலைக் குடித்த கான்கிரீட் சுவரும் தார் ரோடும் ராத்திரி அதைக் கக்குகின்றன. எதிரெதிர் மாடிகள் நெருங்கி நிற்பதால் சூடு வெளியேற வழி குறைவு. காற்றும் மொட்டை மாடிக்கு மேலேயே தாவிப் போய்விடுகிறது.

பழைய ஓட்டு வீடுகளில் முற்றம் வழியே சூடு மேலே ஏறும், வாசல் வழியே புதுக்காற்று நுழையும். பல வீடுகளில் முற்றத்தை மூடித் தளம் போட்டாச்சு. கோட்டை அகழியும் பல இடங்களில் தூர்ந்து ஆக்கிரமிப்பில் போனது. தண்ணீர் நின்றால் ஆவியாகும்போது சூட்டையும் கொண்டு போகும். கட்டாந்தரை என்ன செய்யும்?

புயலில் கதை வேறு. 2018 நவம்பர் 16-ல் கஜா அடித்தபோது பட்டுக்கோட்டைப் பக்கம் வெட்டவெளித் தென்னைகள் சாய்ந்தன. நெருக்கமான வீடுகள் காற்றைத் தடுக்கும்தான். ஆனால் காற்றுக்கு நேராக நீண்ட தெரு புனல் மாதிரி. அங்கே தகரக்கூரை போட்டவர் பாடு திண்டாட்டம்!