கல்விக் கடனும் உழைக்கும் குடும்பத்தின் வருமானமும்

பியூசி தேர்வு முடிவுகள் வெளிவந்ததும் ஆனேக்கல் வட்டத்தின் ஜிகனி, பொம்மசந்திரா, அத்திப்பள்ளி தொழிற்பேட்டைகளைச் சார்ந்து வாழும் குடும்பங்கள் இரண்டு தாள்களைத் தேடி அலைகின்றன. ஒன்று, வருமானம் குறைவு என மெய்ப்பிக்கும் வட்டாட்சியரின் சான்றிதழ். மற்றொன்று, வருமானம் போதுமானது என மெய்ப்பிக்கும் சம்பளச் சீட்டு. முன்னது வட்டி மானியத்திற்கு; பின்னது வங்கி மேலாளருக்கு. இவ்விரு நிபந்தனைகளுக்கிடையே சிக்கித் தவிப்பது தொழிலாளி வீட்டுப் பிள்ளையின் உயர்கல்வி.

ஒன்றிய அரசின் வட்டி மானியத் திட்டம் 2009-இல் தொடங்கப்பட்டது. குடும்பத்தின் ஆண்டு மொத்த வருமானம் ரூ.4.5 லட்சத்திற்குள் இருந்தால், தொழில்முறை மற்றும் தொழில்நுட்பப் படிப்புகளுக்கான கடனுக்குப் படிப்புக் காலத்திலும் அதன்பின் ஓராண்டிலும் வட்டியை அரசே ஏற்கும் என்பது விதி. அன்றிலிருந்து விலைவாசி இரு மடங்குக்கு மேல் உயர்ந்துவிட்டது. வருமான வரம்பு மட்டும் உயரவில்லை. கணவர் பட்டறையிலும் மனைவி ஆயத்த ஆடை ஆலையிலும் ஆளுக்கு மாதம் ரூ.19,000 ஈட்டுவதாகக் கொள்வோம். ஆண்டு வருமானம் ரூ.4,56,000. வரம்பை ரூ.6,000 தாண்டியதால் முழு வட்டி மானியம் பறிபோகிறது. வீட்டு வாடகையோ மருத்துவச் செலவோ கணக்கில் வருவதில்லை. பொருளாதாரத்தில் நலிந்த பிரிவினருக்கான இடஒதுக்கீட்டுக்கு இதே ஒன்றிய அரசு 2019-இல் வகுத்த வரம்போ ரூ.8 லட்சம்!

2024 நவம்பரில் ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் அளித்த பிரதமர் வித்யாலட்சுமி திட்டம் பிணையற்ற கடனை வாக்களிக்கிறது. ஆனால் அது தரவரிசை அடிப்படையில் தேர்ந்தெடுக்கப்பட்ட நிறுவனங்களுக்கு மட்டுமே. தொடக்கத்தில் அவை 860. ரூ.8 லட்சம் வரை வருமானமுள்ள குடும்பங்களுக்கு, ரூ.10 லட்சம் வரையிலான கடனில் 3 விழுக்காடு வட்டிச் சலுகை உண்டு. அதுவும் ஆண்டுக்கு ஒரு லட்சம் மாணவர்களுக்குத்தான். பட்டியலில் இடம்பெறாத கல்லூரியில் பயிலும் பெருந்திரளுக்கு இதனால் பயனில்லை.

ரூ.4 லட்சம் வரையிலான கல்விக் கடனுக்குப் பிணை கேட்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் ஆணை. ஆயினும் பெற்றோர் இணைக் கடனாளியாகக் கையொப்பமிட வேண்டியிருப்பதால், அவர்களின் சம்பளச் சீட்டும் கடன் மதிப்பெண்ணும் ஆராயப்படுகின்றன. ஒப்பந்தத் தொழிலாளிக்குச் சீரான சம்பளச் சீட்டு கிடைப்பதில்லை. நுண்கடன் தவணை ஒன்று தவறினாலும் மதிப்பெண் சரிகிறது. பெற்றோரின் கடன் மதிப்பெண்ணைக் காட்டி மாணவரின் விண்ணப்பத்தை நிராகரிக்கலாகாது, படிப்பு முடிந்தபின் மாணவருக்கு உண்டாகும் திருப்பிச் செலுத்தும் திறனே அளவுகோல் என்று கேரள உயர் நீதிமன்றம் 2020-இல் தீர்ப்பளித்தது. அந்த நியாயம் நாடெங்கும் வங்கி நடைமுறையாக வேண்டும்.

கடன் கல்விக்கு மாற்றாகாது என்பதே நமது அடிப்படை நிலைப்பாடு. தேசிய வருமானத்தில் 6 விழுக்காட்டைக் கல்விக்குச் செலவிட வேண்டும் என்று கோத்தாரி ஆணையம் 1966-இல் பரிந்துரைத்தது. அதை நிறைவேற்றாத அரசுகள், கட்டணச் சுமையைக் குடும்பங்களின் தலையில் ஏற்றி, அதைச் சுமக்கக் கடன் தருகின்றன. பொதுக் கல்வி நிறுவனங்களை விரிவுபடுத்துவதும் தனியார் கட்டணத்தைக் கட்டுப்படுத்துவதுமே நிலையான தீர்வு.

அதுவரை உடனடிக் கோரிக்கைகள் மூன்று: முழு வட்டி மானியத்திற்கான வரம்பை ரூ.8 லட்சமாக உயர்த்துக. அதை விலைவாசியோடு இணைத்திடுக. நிராகரிப்புக்கான காரணத்தை ஒவ்வொரு விண்ணப்பதாரருக்கும் எழுத்துப்பூர்வமாக அளித்திடுக. வங்கி வாசலில் இருந்து வெறுங்கையோடு திரும்பும் மாணவரைக் கண்டறிந்து, விண்ணப்பத்தை மீண்டும் எடுத்துச் சென்று அவருடன் நிற்பது கிளைத் தோழர்களின் இந்தச் சேர்க்கைக் காலப் பணியாகட்டும்.